கால் கிலோ சர்க்கரை

மூன்றாவது தடவையாக ஆபரேஷன் தேதி தள்ளிப் போனது. முதல் தடவை குழந்தைக்கு எடை போதவில்லை. ஐந்து கிலோ வேண்டும் என்றார்கள். முள் நாலே முக்காலில் நின்றுவிட்டது. இரண்டாவது தடவை எடை வந்தது, கூடவே சளியும் வந்தது. இந்தத் தடவை குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஏசி ஓடவில்லையாம்.

"ஏசி நல்லா இருக்கறப்ப எங்க குழந்தைக்கு உடம்பு சரியில்ல. குழந்தை நல்லா இருக்கறப்ப ஏசிக்கு உடம்பு சரியில்ல. ரெண்டும் ஒரே நாள்ல நல்லா இருக்கணும்னா நாங்க என்னதாங்க செய்யணும்?" என்று கேட்டாள் தையலக்கா.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? நான் தேதி எழுதறவன்" என்றார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க்.

"எழுதறதை எங்க பார்த்தேன்? அடிக்கறதைத்தான் பார்க்கறேன். சீட்டைப் பாருங்க, அடிச்சு அடிச்சு எழுத இடமே இல்ல."

கிளார்க் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். இருபத்து மூன்று நாள் கழித்து. தையலக்கா அதை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் வந்த தம்பி மனைவி நோட்டில் புதுத் தேதியைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

தையலக்கா துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள். இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். அவளுடைய ஊர் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, உதவிக்கு ஆள் இல்லை என்று பத்து நாளைக்கு வந்தாள். இது நாலாவது மாதம். பூட்டிய கடைக்குள் யார் யாருடைய கால்சட்டைகளோ பாதி பிரித்தபடி கிடந்தன. தினமும் இரண்டு பேராவது ஃபோன் செய்து, "அக்கா, எப்பக்கா வருவீங்க?" என்று கேட்டார்கள். முதலில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம், "அதுக்குள்ள இன்னும் ரெண்டு இஞ்ச் பெருத்திருப்பீங்க, வந்து மறுபடி அளவெடுக்கறேன்" என்று வைத்துவிடுகிறாள்.

குழந்தை பிறந்து இரண்டு நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், போகும் போகும் என்றார்கள். மூன்றாம் நாள் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எக்ஸ்ரே எடுத்து, உள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதித்து, அறுவை டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"குடலோட கடைசிப் பகுதியில நரம்பு இல்ல. பிறக்கும்போதே இப்படி. அதனால அந்த இடம் அசையறதே இல்ல. மேல இருந்து வர்றது எல்லாம் அங்க வந்து நின்னுடுது."

தம்பி தரையைப் பார்த்தான். தம்பி மனைவி நோட்டில் எழுதினாள். தையலக்காவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"எலாஸ்டிக் செத்துப் போன பாவாடை மாதிரி. அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுட்டு, நல்லதை இழுத்துத் தைக்கணும். அவ்வளவுதானே டாக்டர்?"

"அவ்வளவுதான்" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அப்ப இன்னிக்கே தைச்சுடுங்களேன்."

"துணி ரொம்பச் சின்னதா இருக்கேம்மா. வளரட்டும். அதுவரைக்கும் நல்ல குடலை வயித்துல ஒரு வழி வெச்சு வெளிய விட்டுடறேன். அது வழியா போகட்டும்."

அப்படித்தான் குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்கு இடப்பக்கம், சிவப்பாக ஈரமாக அந்த வாய் வந்தது. நர்ஸும் தம்பி மனைவியும் அதை ஸ்டோமா என்றார்கள். தையலக்கா பட்டன் என்றாள். அதன்மேல் ஒரு பை ஒட்ட வேண்டும். பையின் ஒட்டும் பக்கத்தில் பட்டன் அளவுக்குச் சரியாக ஓட்டை வெட்ட வேண்டும். ஓட்டை பெரிதானால் தோல் வெந்துபோகும். சின்னதானால் பட்டனை அறுக்கும்.

தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கேலை வைத்து அளந்து, காகிதத்தில் வட்டம் போட்டு, அதைப் பையின்மேல் வைத்து வரைந்து, நகம் வெட்டும் கத்தரியால் அரை மணி நேரம் வெட்டுவாள். தையலக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே சுற்றில் வெட்டிவிடுவாள்.

"அண்ணி, அளக்காம வெட்டாதீங்க."

"இருபது வருஷமா வெட்டறேன். என் கண்ணுல ஸ்கேல் இருக்கு."

"பட்டன் வாராவாரம் அளவு மாறும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"என் கண்ணும்தான் வாராவாரம் பார்க்குது."

டீச்சர் வெட்டிய பையும் ஒழுகியது. தையலக்கா வெட்டிய பையும் ஒழுகியது. வெயில் காலம். மாடி வீடு. தகடு காய்வதுபோல் கூரை காய்ந்தது. வியர்வையில் எந்தப் பசைதான் நிற்கும்? ஒட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் ஓரமாக மஞ்சளாய்க் கசியும். மறுபடி பிரி, துடை, காயவை, வெட்டு, ஒட்டு. பட்டனைச் சுற்றித் தோல் தக்காளித் தோல் மாதிரி உரிந்திருந்தது. தொட்டால் குழந்தை வீறிட்டது. சும்மாவே எதற்கும் சிணுங்கும் குழந்தை. அதனால் சிணுங்கி என்றே பெயராகிவிட்டது.

"பையே வேண்டாம். பழைய வேட்டித் துணியை மடிச்சுக் கட்டி, நனைஞ்சா மாத்திக்கிட்டே இருக்கலாம். தோலாவது ஆறும்" என்றாள் தையலக்கா.

"துணி கட்டினா அளவு எப்படித் தெரியும்? எவ்வளவு போகுதுன்னு டாக்டர் கேப்பாங்க."

"'நிறைய'ன்னு சொல்லு."

"'நிறைய' ஒரு அளவா அண்ணி?"

இரண்டு பேரும் பேசாமல் இருந்தது இரண்டு நாள். மூன்றாம் நாள் டீச்சரே வேட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து வைத்தாள். துணியை எடை போட்டுக் கட்டி, நனைந்த பிறகு மறுபடி எடை போட்டால் அளவு கிடைத்துவிடும் என்று கண்டுபிடித்திருந்தாள். அன்றிலிருந்து சமையலறைத் தராசு குளியலறைக்குப் போனது. தையலக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தோல் ஆறியது.

இத்தனையிலும் தம்பி எங்கே? லிஃப்ட் மெக்கானிக். ஏதாவது கட்டடத்தில் மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பான். வீட்டில் இருக்கிற நேரத்திலும், துணியைப் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் செருப்பை மாட்டிக்கொள்வான். "அவசர கால் வந்துடுச்சுக்கா, ஆள் மாட்டிக்கிட்டாங்களாம்." நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அவன் பட்டனைப் பார்த்ததில்லை. கழுத்து வரைக்கும் குழந்தையைக் கொஞ்சுவான். அதற்குக் கீழே குழந்தை இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"உங்க ஊர்ல இருக்கற லிஃப்ட் எல்லாம் இவ துணியைப் பிரிக்கற நேரம் பார்த்துத்தான் நிக்குமாடா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

புதுத் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. டீச்சர் லீவை நீட்டிக்க எழுதிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். காலை பதினோரு மணிக்கு சிணுங்கி அழ ஆரம்பித்தாள். பசி அழுகை இல்லை. முகம் கருஞ்சிவப்பாகி, மூச்சுப் பிடித்து, முக்கி முக்கி அழுதாள். தையலக்கா துணியைப் பிரித்தாள்.

பட்டனைக் காணோம். அந்த இடத்தில் குடல், அவள் நடுவிரலைவிட நீளமாக, வீங்கி, பளபளவென்று வெளியே வந்து வயிற்றின்மேல் கிடந்தது. குழந்தை முக்கும்போது இன்னும் கொஞ்சம் வந்தது.

அவள் கை நிற்கவில்லை. இப்படி நடக்கலாம், நடந்தால் பதறாதீர்கள், சுத்தமான துணியை நனைத்து மூடிக் கொண்டுவாருங்கள், நிறம் கறுக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து மூடினாள். தம்பிக்கு ஃபோன் அடித்தாள், எடுக்கவில்லை. டீச்சருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி தம்பிக்கு அடித்தாள். பிறகு இரண்டு பேரையும் சேர்த்து ஒரு திட்டு திட்டிவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி முதலில் வந்த வாடகை வண்டியை மறித்தாள்.

"குழந்தைக்கு என்னம்மா?" என்றார் டிரைவர்.

"வயிறு."

"பால் ஒத்துக்கலையா? என் பேரனுக்கும் இப்படித்தான்..."

"நீங்க ரோட்டைப் பாருங்க. நான் குழந்தையைப் பார்க்கறேன். ஆளுக்கொரு வேலை."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு பெண் ஃபைல் கேட்டாள். ஃபைல் வீட்டில் இருந்தது. ஃபைல் இல்லாவிட்டால் புதுச் சீட்டு போட வேண்டும், அதற்கு அந்த வரிசை என்று கையைக் காட்டினாள். தையலக்கா வரிசையைப் பார்த்தாள். பிறகு குழந்தையை அந்த மேசைமேல் வைத்து ஈரத் துணியைத் தூக்கினாள்.

"இதான் ஃபைல்."

அடுத்த நிமிஷம் உள்ளே இருந்தார்கள்.

வந்த சின்ன டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கையுறை போட்டு மெல்லத் தொட்டுப் பார்த்தார். "நிறம் நல்லா இருக்கு. உயிரோட இருக்கு. உள்ள தள்ளிடலாம்" என்றார். தள்ளிப் பார்த்தார். போகவில்லை. சிணுங்கி அலறினாள். மறுபடி மெல்ல முயன்றார். அந்தச் சின்ன வாய்க்குள் அவ்வளவு வீங்கிய குடல் எப்படிப் போகும்?

"வீக்கம் இருக்கு. அம்மா, நீங்க போய்க் கொஞ்சம் சர்க்கரை வாங்கிட்டு வாங்க."

தையலக்காவுக்குக் காதில் சரியாக விழவில்லை என்று தோன்றியது. "என்ன வாங்கிட்டு?"

"சர்க்கரை. டீக்குப் போடற சர்க்கரை. கால் கிலோ போதும்."

அவ்வளவுதான். நாலு மாதத்து எரிச்சலும் ஒரே வழியில் வெளியே வந்தது. "ஏன் தம்பி, குழந்தை குடல் வெளிய கிடக்குது, உங்களுக்கு டீ கேக்குதா? ஏசி இல்லன்னீங்க, சரின்னோம். எடை இல்லன்னீங்க, சரின்னோம். இப்ப உங்க ஆஸ்பத்திரியில சர்க்கரையும் இல்லையா?"

சின்ன டாக்டரின் காது சிவந்தது. "டீக்கு இல்லம்மா. குடல்மேல தூவணும். சர்க்கரை தண்ணியை இழுத்துக்கும். வீக்கம் வடிஞ்சா தானா உள்ள போயிடும். நிஜமாத்தான் சொல்றேன்."

பக்கத்தில் இருந்த வயதான நர்ஸ் தலையாட்டினார். "போங்க, நான் குழந்தையைப் பார்த்துக்கறேன். ஓடுங்க."

தையலக்கா ஓடினாள். கீழே கேண்டீன்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்: "டீக்காம்மா, காபிக்கா? டீயே இங்க நல்லா இருக்குமே."

"குடலுக்கு" என்றாள். அவர் முகத்தைப் பார்க்க நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது அறை வாசலில் தம்பி நின்றிருந்தான். தவறிய ஃபோன்களைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறான். கை இரண்டிலும் முழங்கை வரை கறுப்பாகக் கிரீஸ். உள்ளேயும் போகாமல், வெளியேயும் போகாமல் வாசற்படியில் நின்றான்.

"அப்பாவா?" என்றார் சின்ன டாக்டர். "வாங்க. குழந்தை காலை உதைக்குது, அசையாம பிடிக்கணும். சிஸ்டர், இவருக்குக் கையுறை குடுங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் பார்வைக்கு அவள்தான் முன்னால் போய் நின்றிருக்கிறாள். இன்றும் கால் ஒரு அடி எடுத்துவிட்டது. பிறகு, என்னதான் தோன்றியதோ, பொட்டலத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"என்னை எதுக்குடா பார்க்கறே? உன்னைத்தான் கூப்பிடறாங்க."

அவன் போனான். கையுறை மாட்டிக்கொண்டு, குழந்தையின் இரண்டு தொடைகளையும் பிடித்தான். பார்த்தான். முகம் வெளிறியது. விழுந்துவிடுவான் என்று நர்ஸ் பின்னால் ஒரு ஸ்டூலைத் தள்ளி வைத்தார். அவன் விழவில்லை.

டாக்டர் சர்க்கரையைக் கை நிறைய எடுத்து, வெளியே கிடந்த குடல் முழுவதும் மூடும்படி தூவினார். சிவப்பின்மேல் வெள்ளை. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சர்க்கரை ஈரமாகி, கரைந்து, பிசுபிசுவென்று சொட்ட ஆரம்பித்தது. டாக்டர் துடைத்துவிட்டு மறுபடி தூவினார். நர்ஸ் விரல் நுனியில் துளி சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சிணுங்கியின் வாயில் வைத்தார். அவள் அழுகையை நிறுத்திச் சப்பினாள்.

"அக்கா" என்றான் தம்பி, கண்ணை எடுக்காமல்.

"என்ன?"

"உள்ள இருக்க வேண்டியது வெளிய இருக்குதுக்கா. எனக்கு இதைப் பார்க்கணும்னு நினைச்சாலே... என்னாலதான் இப்படி ஆச்சோன்னு இருக்கு. என் ரத்தத்துல ஏதோ கோளாறு, அதான் இவளுக்கு வந்துடுச்சோன்னு."

நாலு மாதமாக இதையா மென்றுகொண்டிருந்தான்? மனசில் பட்டதை அப்படியே காட்டிக்கொள்ளத் தையலக்காவால் முடியுமா?

"உன்னால ஒண்ணும் வரலடா. உன்னால வந்திருந்தா இவ்வளவு சீக்கிரமா வந்திருக்காது."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன டாக்டர் நிமிராமலே, "யாராலயும் வர்றதில்லங்க. கருவுல நரம்பு மேல இருந்து கீழ இறங்கும். இவளுக்குக் கடைசி வரைக்கும் இறங்கல. அவ்வளவுதான்" என்றார்.

"பாதியில நின்னுடுச்சு" என்றான் தம்பி.

"ஆமா."

அது அவனுக்குப் புரிகிற விஷயம். மெதுவாகத் தலையாட்டினான்.

அரை மணி நேரத்தில் குடல் சுருங்கிவிட்டது. டாக்டர் துடைத்துவிட்டு இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பட்டன் மறுபடி பட்டனாகிவிட்டது.

அப்போதுதான் டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஃபோனை அமர்த்தி வைத்திருந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, அழுது, குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஏன் இவ மேல எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு?"

"சர்க்கரை" என்றான் தம்பி.

"சர்க்கரையா? எத்தனை கிராம்?"

தையலக்கா வெளியே போய்விட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

மாலையில் டாக்டரம்மா வந்து பார்த்தார். ஏசி சரியாகிவிட்டது, இனித் தள்ளிப் போட வேண்டாம், குழந்தையை இங்கேயே சேர்த்துவிடுங்கள், நாளை மறுநாள் காலை முதல் ஆபரேஷன் என்றார். அந்த இரண்டு நாளும் தையலக்கா வார்டில் யாரையும் தும்ம விடவில்லை. துடைக்க வந்த பெண் ஒரு முறை தும்மியதற்கு அவளை வராந்தாக் கோடி வரை அனுப்பிவிட்டாள்.

ஆபரேஷன் நாலரை மணி நேரம் நடந்தது. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள், தம்பி கதவைப் பார்த்தான், தையலக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "எதையாவது சாப்பிட்டுத் தொலைங்களேன்" என்றாள். வாங்கி வந்த ரொட்டி மூன்று பேர் மடியிலும் காய்ந்தது.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "நரம்பில்லாத பகுதி நாங்க நினைச்சதைவிடக் கொஞ்சம் நீளம். முழுசா எடுத்தாச்சு. நல்ல குடலைக் கீழ கொண்டுவந்து சேர்த்தாச்சு. வயித்துல இருந்த வழியும் மூடியாச்சு. இனி அது வேலை செய்யணும். பார்ப்போம்."

"பார்ப்போம்னா?"

"பார்ப்போம்னா பார்ப்போம்மா. தையல் பிடிக்கணும். காய்ச்சல் வரக் கூடாது. வயிறு உப்பக் கூடாது."

பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் வயிறு லேசாக உப்பினது போலிருந்தது. டீச்சர் டேப்பால் அளந்து, இல்லை என்றாள். மூன்றாம் நாள் காலையில் சிணுங்கி முகத்தைச் சுளித்து, கொஞ்ச நேரம் யோசித்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் போக வேண்டிய வழியில் போனாள். தம்பிதான் பார்த்தான். யாரையும் கூப்பிடத் தெரியாமல் துணியோடு வராந்தாவுக்கு வந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு நின்றான்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. அன்று ஏழு தடவை. மறுநாள் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்த பிறகு பதினைந்து, பதினெட்டு. குடலுக்குப் பழகவில்லை, மாதக்கணக்கில் இப்படித்தான் இருக்கும், போகப் போகக் குறையும் என்றார் டாக்டரம்மா. பின்பக்கம் வெந்து சிவந்து, துடைத்தால் அலறல், துடைக்காவிட்டால் அதைவிட அலறல். கழுவு, ஒற்றி எடு, களிம்பு தடவு, காற்றாட விடு; விட்ட நிமிஷமே மறுபடி. கொடிகள் முழுக்கத் துணி. மாடி வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

"போகலையேன்னு நாலு மாசம் அழுதோம். இப்ப நிக்கலையேன்னு அழறோம். உனக்கு நடுவுல ஒண்ணு தெரியவே தெரியாதாடி?" என்று தையலக்கா குழந்தையைக் கேட்டாள். சிணுங்கி கையை வாய்க்குள் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள்.

இரண்டு வாரம் பொறுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தாள். கடை அழிந்துகொண்டிருந்தது. பையைக் கட்டி வைத்தாள். காலை முழுவதும் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தீர்த்தாள்: எந்தத் துணி எதற்கு, களிம்பைத் தேய்க்காதே, ஒற்று, வயிறு உப்பினால் ஒரு நிமிஷம் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. டீச்சர் எழுதிக்கொண்டாள். தம்பி குளியலறையில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தான்.

"அப்படிக் கசக்கினா கறை எப்படிப் போகும்? தள்ளு, நான் பண்றேன்."

"விடுக்கா. நீ போய் உட்காரு."

"என்னத்தை உட்கார? சோப்பைக் குடு."

"உட்காருக்கா" என்றான். சோப்பைத் தரவில்லை.

கூடத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொன்றரை. பன்னிரண்டுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கொடித் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கண் விழித்தபோது வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. மடியில் பை இல்லை, சுவரோரம் இருந்தது. கழுத்துக்குக் கீழே தலையணை. கடிகாரம் நாலேகால்.

"டேய்!" என்று கத்தினாள். "பஸ் போயிடுச்சேடா! ஏன் என்னை எழுப்பல?"

தம்பி குழந்தையோடு உள்ளிருந்து வந்தான். சட்டையில் களிம்பு. "எழுப்பினேனே. 'இடுப்புல ரெண்டு இஞ்ச் பிரிக்கணும்'னு சொல்லிட்டுத் திரும்பித் தூங்கிட்டே."

"குழந்தை அழலையா?"

"அழுதா. ஆறு தடவை போனா. ரெண்டு தடவை குளிப்பாட்டினோம். உனக்கு எதுவுமே கேக்கல."

ஆறு தடவை. ஆறு தடவையும் அவள் இல்லாமலே நடந்திருக்கிறது. தையலக்கா எழுந்து குழந்தையை வாங்கினாள். துணியின் முடிச்சைப் பார்த்தாள். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. பிரித்துப் பார்த்தாள்; களிம்பு திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக இருந்தது. வயிற்றைத் தொட்டாள்; மெத்தென்று இருந்தது. பட்டன் இருந்த இடத்தில் கோடாக ஒரு தழும்பு. நல்ல தையல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி முடிச்சைப் போட்டுவிட்டு, குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள். துணிகள் மடித்திருந்தன. வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. டீச்சர் நோட்டின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "சாப்பாடா... அது மறந்தே போச்சுக்கா."

"அதானே!" என்றாள் தையலக்கா. நாலு மாதத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் யார்மேலும் எரிந்து விழுந்ததில்லை. குழந்தையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.